இதய ஆராய்ச்சிக்குப் போகிறீர்களா? முதலில் எந்த மேசை என்று முடிவு செய்யுங்கள்

"இதயம் சம்பந்தமா ஆராய்ச்சி பண்ணணும், எந்த கோர்ஸ் சார் நல்லது?" எம்.எஸ்சி. கடைசி செமஸ்டரில் இருப்பவர்கள், பி.ஃபார்ம். முடித்தவர்கள், சில சமயம் எம்.டி. படிக்கும் மருத்துவர்களும்கூட இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். கோர்ஸின் பெயரை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே பிஎச்.டி. பட்டத்துக்காக ஒருவர் ஐந்து வருடம் நுண்ணோக்கியில் செல்களைப் பார்ப்பார். இன்னொருவர் எக்கோ அறையில் நோயாளிகளோடு இருப்பார். மூன்றாமவர் கிராமம் கிராமமாகப் போய் ரத்த அழுத்தம் அளப்பார். நான்காமவர் கணினித் திரையில் ரத்த ஓட்டத்தைக் கணக்குப் போடுவார். நால்வருமே இதய, ரத்தநாள ஆய்வாளர்கள்தான். ஆனால் ஒருவருக்குப் பிடித்த நாள் மற்றவருக்குத் தண்டனையாக இருக்கும்.

ஆகவே என் யோசனை இது: பட்டத்தைப் பார்க்காமல், தினசரி செய்யப்போகும் வேலையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அதன்பின் கைடு, அதன்பின் நிறுவனம். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நிறுவனத்தின் பெயரைப் பார்த்துச் சேர்கிறார்கள், கிடைத்த கைடிடம் போகிறார்கள், அவர் கொடுத்த தலைப்பை எடுத்துக்கொள்கிறார்கள். மூன்றாம் வருடத்தில்தான் அந்த வேலையே தமக்குப் பிடிக்கவில்லை என்று தெரிகிறது.

ஆய்வக மேசை

ரத்தக்குழாயின் உட்சுவரை ஆராயும் ஒரு ஆய்வகத்தின் வேலையைக் கிட்டத்தில் பார்ப்போம். பிரசவ அறையிலிருந்து தொப்புள்கொடி வரும். தாயிடம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். குளிர்ந்த பஃபரில் கிடக்கும் அந்தக் கொடிக்குள் மூன்று குழாய்கள் இருக்கும்: இரண்டு தமனி, ஒரு சிரை. சிரைதான் அகலமானது. அதற்குள் குழல் நுழைத்துக் கட்டி, தேங்கிய ரத்தத்தைக் கழுவி வெளியேற்றி, கொலாஜினேஸ் நொதியை நிரப்பி, இரு முனையிலும் கிளாம்ப் போட்டு, 37 டிகிரியில் சில நிமிடங்கள் வைக்கிறார்கள். சிரையின் உட்சுவரில் ஒட்டியிருந்த செல்கள் உரிந்து வருகின்றன. அவற்றை வளர்ப்புத் தட்டில் இட்டு ஊடகம் ஊற்றி வளர்த்தால், சில நாளில் கூழாங்கல் பாவியதுபோல் தட்டு முழுக்கப் பரவி நிற்கும். 1973-இல் வெளியான முறை இது. இன்றும் உலகமெங்கும் இப்படித்தான் செய்கிறார்கள்.

கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் பிரசவம் ஆய்வக நேரம் பார்த்து நடப்பதில்லை. விடிகாலையில் கொடி வந்தால் விடிகாலையில்தான் வேலை. இந்தச் செல்களைத் தட்டுக்குத் தட்டு மாற்றி வளர்ப்பதை பாசேஜ் என்பார்கள். ஐந்தாறு பாசேஜ் தாண்டினால் செல்கள் தம் குணத்தை இழக்கத் தொடங்கிவிடும், மறுபடியும் புதுக் கொடிக்குக் காத்திருக்க வேண்டும். நடுவில் ஒருமுறை கன்டாமினேஷன் வந்தால் ஒரு மாத உழைப்பு பிளீச்சுக்குள் போகும். இதையெல்லாம் கேட்டபிறகும் "செஞ்சு பாக்கணும் சார்" என்று தோன்றுபவர்களுக்கானது இந்த மேசை.

பெரிய வசதி இல்லாத பல்கலைக்கழகங்களிலும் செய்யக்கூடிய நல்ல ஆய்வுமுறைகள் உண்டு. கோழி முட்டை அதில் ஒன்று. கருவுற்ற முட்டையை இன்குபேட்டரில் வைத்து, மூன்றாம் நாள் ஓட்டில் சிறு ஜன்னல் வெட்டிப் பாருங்கள். மஞ்சள் கருவின்மேல் மெல்லிய சிவப்புக் குழாய்கள் கிளை பிரிந்திருக்கும். நடுவில் ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருக்கும். கோழிக்குஞ்சின் இதயம் இரண்டாம் நாளிலேயே துடிக்கத் தொடங்கிவிடுகிறது. ஒரு மருந்து புதிய ரத்தக்குழாய்கள் முளைப்பதைத் தூண்டுகிறதா, தடுக்கிறதா என்பதை இந்த முட்டையிலேயே சோதிக்கலாம். கேள்வி கூர்மையாக இருந்தால் இந்த எளிய முறையிலிருந்தும் நல்ல கட்டுரை வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். ஐசோபுரோடெரினால் ஊசி போட்டு எலியின் இதயத்தைக் காயப்படுத்துவது, ஒரு மூலிகைச் சாற்றையோ அதிலிருந்து பிரித்த ரசாயனத்தையோ முன்கூட்டியே கொடுத்து "பாதுகாப்பு கிடைத்தது" என்று காட்டுவது: இந்த அச்சில் வார்த்த ஆய்வேடுகள் நம் நூலகங்களில் ஏராளம். முறையில் தவறில்லை, அது பழைய, நிலைபெற்ற முறைதான். மூலிகையை மட்டும் மாற்றி அதையே திரும்பச் செய்வதுதான் வீண். உங்களுக்குக் கொடுக்கப்படும் தலைப்பு இப்படி இருந்தால், "முந்தைய ஐம்பது ஆய்வுகள் சொல்லாத எதை இது சொல்லப்போகிறது?" என்று கேளுங்கள். கைடு அதற்குப் பதில் சொன்னால் சேருங்கள்.

மதுரையிலிருந்து தொடங்கிய ஒரு மரபணுக் கேள்வி

நல்ல கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. இதயத் தசை சுருங்கி விரிய உதவும் புரதங்களில் ஒன்றை எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற மரபணு உருவாக்குகிறது. இந்த மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதை 2003-இல் சில இந்தியக் குடும்பங்களில் கண்டார்கள். அது அந்தக் குடும்பங்களோடு நிற்கிறதா, ஊரெல்லாம் இருக்கிறதா? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த பெருந்துறை தண்டபாணி, ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்ட பலநாட்டுக் குழு இதைத் தேடிப் போனது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் இதய அறுவைப் பிரிவும் அதில் பங்காளி. 2009-இல் நேச்சர் ஜெனட்டிக்ஸ் இதழில் முடிவு வந்தது: இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் சுமார் 4 சதவீதம் பேர் இந்த விடுபடலைச் சுமக்கிறார்கள். இதயத்தசை நோய் உள்ளவர்களிடம் அது இன்னும் அதிகமாகக் காணப்படுகிறது.

கதை அதோடு முடியவில்லை. அதைச் சுமக்கும் எல்லோருக்கும் நோய் வருவதில்லையே, ஏன்? பின்னால் வந்த குழுக்கள், இதோடு அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் சேர்ந்திருக்கும் சிறு பிரிவினருக்கே ஆபத்து அதிகம் என்று வாதிட்டன. விவாதம் இன்னும் நடக்கிறது. தண்டபாணி பிறகு பெங்களூரு இன்ஸ்டெம்மில் இதயநோய் ஆய்வுக்குழு அமைத்தார். இந்தக் கேள்விக்குத் தேவையான நோயாளிகள் மதுரை வார்டிலும், தஞ்சாவூர் வார்டிலும், திருநெல்வேலி வார்டிலும் இருக்கிறார்கள். பாஸ்டனில் இருப்பவருக்கு விலை கொடுத்தாலும் கிடைக்காத வாய்ப்பு அது. நம் ஊர் மாணவர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்குப் பேராசையே உண்டு.

நோயாளியும் ஊரும்

ஆய்வகம் ஒத்துவராதவர்கள் பலர் சிறந்த ஆய்வாளர்கள். அவர்களின் மேசை மருத்துவமனையிலும் ஊருக்குள்ளும் இருக்கிறது. 2008-இல் லான்செட்டில் வந்த க்ரியேட் பதிவேடு, இந்தியாவின் 50 நகரங்களில் 89 மருத்துவமனைகளுக்கு மாரடைப்பு அறிகுறியோடு வந்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்தது. அறிகுறி தொடங்கி மருத்துவமனைக்கு வந்துசேர ஆன நேரத்தின் நடுமதிப்பு 360 நிமிடம். ஆறு மணி நேரம்! ரத்தக்குழாய் அடைபட்ட இடத்துக்கு அப்பால் தசை செத்துக்கொண்டிருக்கும்போது ஆறு மணி நேரம். எந்த மூலக்கூறைக் கண்டுபிடித்தாலும் அந்த நேரத்தை ஈடுகட்ட முடியாது.

இதற்கு விடை தேடிய ஒரு ஆய்வு தமிழ்நாட்டிலேயே நடந்தது. கோயம்புத்தூரின் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் அஜித் முல்லசாரி ஆகியோர் முன்னின்ற, மாரடைப்புச் சிகிச்சைக்கான தமிழ்நாடு ஸ்டெமி திட்டம் அது. சிறிய மருத்துவமனைகளை ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளோடு கோத்தார்கள். 108 ஆம்புலன்ஸ், ஈ.சி.ஜி. அனுப்பும் கருவி, அரசுக் காப்பீடு எல்லாவற்றையும் ஒரே சங்கிலியில் இணைத்தார்கள். திட்டத்துக்கு முன்னும் பின்னுமாக 2,420 நோயாளிகளை ஒப்பிட்டார்கள். ஓராண்டு மரண விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2-ஆகக் குறைந்தது. 2017-இல் ஜாமா கார்டியாலஜி அதை வெளியிட்டது. புது மருந்து எதுவும் இல்லாமல், இருக்கும் சிகிச்சையை நேரத்தில் கொண்டுசேர்த்ததன் பலன் அது. சுகாதாரத் திட்ட ஆய்வு என்றாலே ஃபைல் தள்ளும் வேலை என்று நினைப்பவர்கள் இந்தக் கட்டுரையை ஒருமுறை படியுங்கள்.

தமிழக அரசு 2023-இல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அதன் பலனை அளக்க எத்தனை பிஎச்.டி. தலைப்புகள் காத்திருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். இந்த வழிக்கு வருபவர்களுக்குத் தொற்றுநோயியலும் புள்ளியியலும் கைவர வேண்டும். சென்னையில் ஐ.சி.எம்.ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும், திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரா நிறுவனத்தின் அச்சுத மேனன் மையமும் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பு நடத்துகின்றன. ஃபார்ம்.டி. முடித்தவர்களுக்கும் செவிலியர்களுக்கும் மருத்துவமனைப் பரிசோதனைகளில் நல்ல இடம் இருக்கிறது. அவர்கள் தயங்குவதுதான் ஏன் என்று புரியவில்லை. நோயாளியிடம் பேசத் தெரிந்தவர், மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவர் என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கருவி செய்பவர்கள்

பொறியியல் படித்தவர்களுக்கு இந்தத் துறையில் கதவு அகலமாகவே திறந்திருக்கிறது. திருவனந்தபுரத்து ஸ்ரீசித்திரா திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில், மருத்துவமனை ஒரு பக்கமும் பூஜப்புரையில் கருவி ஆய்வுப் பிரிவு இன்னொரு பக்கமுமாக இயங்குகின்றன. இதய அறுவை மருத்துவர் எம்.எஸ்.வலியத்தானும் அவரது பொறியாளர்களும் அங்கேதான் சித்திரா செயற்கை இதய வால்வை உருவாக்கினார்கள். முதல் மூன்று மாதிரிகள் தோற்றன, நான்காவது நின்றது. கோபால்ட்-குரோமியக் கலவையில் ஒரு கூடு, மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீனில் ஒரு தட்டு, தைப்பதற்குப் பாலியெஸ்டர் வளையம். 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று வைத்தால் ஒரு வால்வு ஆண்டுக்கு ஏறக்குறைய 3.8 கோடி முறை திறந்து மூட வேண்டும். தேய்மானம், ரத்த உறைவு, உலோகச் சோர்வு என ஒவ்வொன்றும் அதற்குள் ஒரு ஆய்வுத் தலைப்பு.

ஐ.ஐ.டி. மெட்ராஸ், வேலூர் சி.எம்.சி., ஸ்ரீசித்திரா மூன்றும் சேர்ந்து நடத்தும் எம்.டெக். கிளினிக்கல் இன்ஜினியரிங் இதற்கான நல்ல நுழைவாயில். கேட் மதிப்பெண் வேண்டும். படிப்பின் நடுவிலேயே மருத்துவமனைக்குள் இருந்து வேலை பார்க்க வைப்பார்கள். பொறியாளர் அறுவை அரங்கில் நின்று பார்த்துவிட்டு வந்தால் அவர் வரையும் படமே மாறும். ஐ.ஐ.டி. மெட்ராஸின் சுகாதாரத் தொழில்நுட்பப் புத்தாக்க மையத்தில் உருவான ஆர்ட்சென்ஸ் கருவி, கழுத்துத் தமனியின் விறைப்பை ஸ்கேன் படமே இல்லாமல் அல்ட்ராசவுண்ட் அலையால் அளக்கிறது. ரத்தக்குழாய் விறைப்பது மாரடைப்புக்கு வெகுமுன்பே நடப்பதால், இப்படி எளிய கருவிகளுக்குத் தேவை மிகப் பெரியது.

இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். இதயம் என்றால் எல்லோரும் ஓடி வருகிறார்கள், கால் ரத்தக்குழாய்க்கு ஆள் இல்லை. சர்க்கரை நோய் இத்தனை பேருக்கு இருக்கும் மாநிலத்தில், கால் விரல் கறுத்த பிறகே பலர் ரத்தநாள மருத்துவரைப் பார்க்கிறார்கள். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் வரும் எண் 0.9-க்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஒரு டாப்ளர் பேனாவும் ரத்த அழுத்தக் கருவியும் போதும். இந்தப் பரிசோதனையைச் சர்க்கரை கிளினிக்குகளில் யார் செய்கிறார்கள், யார் விடுகிறார்கள், விட்டால் என்ன ஆகிறது என்று ஆராய ஒரு நல்ல மாணவர் வந்தால் அவருக்குப் போட்டியே குறைவு. சென்னை மருத்துவக் கல்லூரியில் ரத்தநாள அறுவைக்கென்றே தனித் துறை இருக்கிறது. கூட்டாளிகளை அங்கே தேடலாம்.

நுழைவுத் தேர்வும் பணமும்

உயிரியல் மாணவர்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர்.-நெட் ஜே.ஆர்.எஃப்., ஐ.சி.எம்.ஆர். ஜே.ஆர்.எஃப்., டி.பி.டி.யின் பெட் தேர்வு ஆகிய மூன்றும் முதன்மை வழிகள். பொறியாளருக்கு கேட், மருந்தியலாருக்கு ஜிபேட். பல்கலைக்கழகத் தரவரிசையில் முதலிடம் பெற்றவர்களுக்கு இன்ஸ்பயர் ஃபெலோஷிப் உண்டு. 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடத்துக்குப் பிறகு எஸ்.ஆர்.எஃப். 42,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. வயது வரம்பு தேர்வுக்குத் தேர்வு மாறும், அந்த வருட அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு வருடம். அதன்பிறகு மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு வருடம் கிடைக்கலாம். எம்.ஃபில். நிறுத்தப்பட்டுவிட்டது. நான்கு வருட இளநிலை முடித்து 75 சதவீதம் வைத்திருப்பவர்கள் நேரடியாக பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். இந்த ஆய்வுகளில் மூன்றே வருடத்தில் முடிப்பவர்கள் அபூர்வம். ஐந்து வருடம் என்று மனத்தில் வைத்துக்கொண்டு வீட்டில் பேசுங்கள்.

உதவித்தொகை இல்லாமல் முழுநேர பிஎச்.டி.யில் சேர வேண்டாம். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். "முதல்ல ரெஜிஸ்டர் பண்ணிக்கோம்மா, ஃபெலோஷிப் அப்புறம் பாத்துக்கலாம்" என்ற வார்த்தையை நம்பி, இரண்டாம் வருடம் டியூஷன் எடுத்துக் கெமிக்கல் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். திறமையான பிள்ளைகள் அப்படித்தான் களைத்துப்போய் விடுகிறார்கள். ஜே.ஆர்.எஃப். கிடைக்கவில்லை என்றால் ஏதாவது திட்டத்தில் ப்ராஜெக்ட் அசோசியேட்டாக ஒரு வருடம் வேலை பாருங்கள். சம்பளம் வரும், வேலை கற்றுக்கொள்ளலாம், மறுபடி தேர்வும் எழுதலாம். ஜே.ஆர்.எஃப். கையில் இருந்தாலும் ஆறு மாதமாவது இப்படி இருந்துவிட்டு பிஎச்.டி.யில் சேர்வது நல்லது என்பேன். அந்த ஆறு மாதத்தில் உங்களுக்கும் தெரிந்துவிடும், கைடுக்கும் தெரிந்துவிடும்.

மருத்துவர்களின் கணக்கு வேறு. எம்.டி. முடித்து மூன்று வருட டி.எம். இருதயவியல், அதன்பிறகு வேலை என்ற ஓட்டத்தில் ஆராய்ச்சிக்கு இடமே இருப்பதில்லை. எம்.டி. ஆய்வேட்டையாவது ஒப்புக்கு எழுதாமல் ஒழுங்காகச் செய்யுங்கள், அதுதான் முதல் படி. பிறகு இந்தியா அலையன்ஸ் போன்ற அமைப்புகள் மருத்துவர்களுக்கென்றே கொடுக்கும் ஃபெலோஷிப்களுக்கு முயலலாம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. பதிவு செய்யவும் வழி இருக்கிறது. வாரத்தில் ஒன்றிரண்டு நாளை ஆய்வுக்கென்று ஒதுக்கித் தர மறுக்கும் துறைத் தலைவரின் கீழ் எந்த ஃபெலோஷிப்பும் உதவாது. அந்த நாட்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கைடைத் தேர்ந்தெடுப்பது

கைடுக்கு எழுதும் முதல் மின்னஞ்சலிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. "மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே, தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில்" என்று தொடங்கி நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில் போகும் கடிதத்தை யாரும் படிப்பதில்லை. அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றை முழுக்கப் படியுங்கள். அதில் ஒரு படத்தைக் குறிப்பிட்டு, இந்த முடிவு பெண் எலிகளிலும் வருமா, சர்க்கரை நோயாளிகளின் செல்களில் செய்தால் மாறுமா என்று ஒரே ஒரு உண்மையான கேள்வி கேளுங்கள். உங்கள் எம்.எஸ்சி. ப்ராஜெக்டில் உங்கள் கையாலேயே செய்தது என்ன என்று இரண்டு வரி. மொத்தம் பத்து வரிக்குள் முடியட்டும். பதில் வரவில்லை என்றால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதற்குமேல் வேண்டாம்.

நேர்காணலில் பெரும்பாலும் உங்கள் சொந்த ப்ராஜெக்டிலிருந்துதான் தோண்டுவார்கள். ஏன் அந்த கன்ட்ரோல், ஏன் அத்தனை மாதிரி, அந்த ஆன்டிபாடி சரியாக வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்? "கைடு சொன்னாங்க" என்ற பதிலோடு நேர்காணல் முடிந்துவிடும்.

சேருவதற்கு முன் ஆய்வகத்தை ஒரு வேலைநாளில் நேரில் போய்ப் பாருங்கள். கைடு அறையில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவது போதாது. மாணவர்களோடு டீக்கடைக்குப் போங்கள். கடைசியாக முடித்த மூன்று பேர் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், முதல் ஆசிரியராக அவர்கள் பெயர் வந்ததா, ஃபெலோஷிப் மாதாமாதம் வருகிறதா, நோயாளி மாதிரிகள் உண்மையில் கிடைக்கின்றனவா, மருத்துவமனையோடு போட்ட ஒப்பந்தம் வெறும் காகிதமா? அக்கா, அண்ணா என்று கூப்பிட்டுக் கேட்டால் சீனியர்கள் மறைக்க மாட்டார்கள். மைனஸ் 80 ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் இணைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு வருடம் சேர்த்த ரத்த மாதிரிகள் ஒரே மின்வெட்டில் உருகிப்போவது நடக்கக்கூடியதுதான்.

முதல் வருடத்தைத் தின்பவை

அனுமதிகள். மனிதர்களிடம் மாதிரி எடுக்க நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், விலங்குகளுக்குத் தனிக் குழு. மருத்துவப் பரிசோதனை என்றால் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிய வேண்டும், 2009 முதல் இது கட்டாயம். நெறிமுறைக் குழு மாதாமாதம் கூடும் என்று எண்ணாதீர்கள். ஒப்புதல் படிவம் தமிழில் இல்லாமல் திருப்பி அனுப்பப்படுவது சாதாரணம். அந்தப் படிவத்தை நீங்களே நல்ல தமிழில் எழுதுங்கள். "கார்டியோமயோபதி" என்று எழுதிவிட்டுக் கையெழுத்து வாங்குவதைவிட "இதயத் தசை பலவீனமாகும் நோய்" என்று எழுதினால் அந்த அம்மாவுக்குப் புரியும். அவர் புரிந்துகொண்டு போடும் கையெழுத்தே ஒப்புதல்.

அடுத்தது புள்ளியியல். நிபுணரைக் கடைசி வருடம் தரவோடு போய்ப் பார்ப்பது நம் பழக்கம், முதல் மாதமே பார்க்க வேண்டும். மேலே சொன்ன தமிழ்நாடு ஸ்டெமி ஆய்வில் 2,420 பேரைச் சேர்த்தும் மரண விகிதத்தின் வித்தியாசம் புள்ளியியல் வரம்பை நூலிழையில்தான் தாண்டியது. அறுபது பேரை வைத்துக்கொண்டு "மரணம் குறைகிறதா" என்று கேட்கும் ஆய்வேடு என்ன சொல்ல முடியும்? அறுபது பேர்தான் கிடைப்பார்கள் என்றால் கேள்வியை மாற்றுங்கள்: எக்கோவில் இதயம் இறைக்கும் அளவு மாறுகிறதா, ரத்தத்தில் ஒரு குறியீடு குறைகிறதா என்று. ஆர் மென்பொருள் இலவசம், கோர்ஸ் வொர்க் நடக்கும்போதே பழகிவிடுங்கள்.

வெளிநாடும் அதன்பிறகும்

வெளிநாட்டைப் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவில் பிஎச்.டி. மாணவருக்குப் பெரும்பாலும் கல்விக் கட்டண விலக்கும் மாதத் தொகையும் கிடைக்கும். எம்.எஸ்சி.க்குக் கையிலிருந்து கட்ட வேண்டும். ஜெர்மனி, ஸ்வீடன், நெதர்லாந்தில் பிஎச்.டி. என்பது பெரும்பாலும் சம்பள வேலை, விளம்பரம் பார்த்து விண்ணப்பிப்பது. பிரிட்டனில் பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் பல பல்கலைக்கழகங்களில் நான்கு வருட பிஎச்.டி. திட்டங்களுக்குப் பணம் தருகிறது. ஆனால் வெளிநாட்டு மாணவருக்கான கூடுதல் கட்டணத்தை யார் கட்டுவார்கள் என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வருட எம்.எஸ்சி.க்காக வீட்டை அடமானம் வைத்துப் போவதை நான் பரிந்துரைப்பதில்லை. இங்கே நல்ல பிஎச்.டி. செய்துவிட்டு முதுமுனைவர் ஆய்வுக்குப் போனால் அதே ஆய்வகத்தில் சம்பளத்தோடு நுழையலாம்.

முடித்தபின் பேராசிரியர் வேலை மட்டுமே இலக்கு என்றால் ஏமாற்றம் வரலாம், இடங்கள் குறைவு. ஐ.சி.எம்.ஆர். நிறுவனங்களில் விஞ்ஞானி பணி, மருந்துப் பரிசோதனை நடத்தும் நிறுவனங்கள், மருத்துவக் கட்டுரை எழுதும் வேலை, ஸ்டென்ட்டும் வால்வும் செய்யும் இந்திய நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவு எனப் பல இடங்கள் உண்டு. 2017 பிப்ரவரியில் ஸ்டென்ட்டுக்கு அரசு விலை உச்சவரம்பு வைத்தபோது, மருந்து பூசிய ஸ்டென்ட் வரி நீங்கலாக 29,600 ரூபாய் என்றானது. இப்படி வரம்புக்குட்பட்ட விலையில் தரமாகச் செய்யத் தெரிந்த பொறியாளருக்கும் உயிரியலாளருக்கும் இங்கே வேலை இருக்கிறது.

இந்த வேலைகளுக்கு எடுப்பவர்கள் பட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்களால் தனியாக என்ன செய்ய முடியும்?" என்றுதான் கேட்கிறார்கள். எக்கோ படங்களை அளக்கத் தெரியுமா, தொப்புள்கொடியிலிருந்து செல் பிரிக்கத் தெரியுமா, ஆயிரம் பேரின் தரவைச் சுத்தம் செய்து கொடுக்கத் தெரியுமா? மூன்றாம் வருடம் முடிவதற்குள் அப்படி ஒரு கைத்தொழிலில் ஆய்வகத்தின் மற்றவர்கள் உங்களைத் தேடி வரும் நிலைக்கு வந்துவிடுங்கள். எந்தத் தொழில் என்பதைக் கோர்ஸ் வொர்க் முடிந்த வாரத்திலேயே கைடோடு உட்கார்ந்து பேசி, அதைக் கற்க எந்த ஆய்வகத்துக்கு எத்தனை வாரம் போக வேண்டும் என்று தேதி குறித்துக்கொள்ளுங்கள்.